கேட்டு வாங்குங்கள்!

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பொறியியல் சம்பந்தமா ஏதாவது இருபது நிமிஷம் பேசுப்பா" என்று செயலாளர் அண்ணன் சொன்னார். நான் வேலை பார்ப்பது ஒரு அனல் மின் நிலையத்தில். கொதிகலனையும் டர்பைனையும் பற்றிப் பேசினால், மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள். ஆகவே, ஜூனியர் தம்பிகள் என்னிடம் அதிகமாகக் கேட்கும் கேள்வி எது என்று யோசித்துப் பார்த்தேன். கொதிகலனைப் பற்றி இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. கேட்பதெல்லாம் இதுதான்: "அண்ணா, முதல் சம்பளம் வரப்போகுது. நல்ல ஹெட்போன் ஒண்ணு வாங்கணும். எது வாங்கலாம்?"

இதுவும் பொறியியல் கேள்விதான். அதற்கான பதிலே இன்றைய என் பேச்சு.

நல்ல ஹெட்போன் என்று நான் சொல்வது, ஏறக்குறைய பத்தாயிரம் ரூபாயிலிருந்து முப்பதாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற, காதை முழுக்க மூடுகிற வயர் ஹெட்போன். ஐந்நூறு ரூபாய் இயர்போனைப் பற்றி யாரும் யோசனை கேட்பதில்லை. லட்ச ரூபாய் ஹெட்போன் வாங்குகிறவருக்கு என் யோசனை தேவையில்லை. நடுவில் நிற்பவருக்குத்தான் குழப்பம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தத் தொகை ஒரு மாத வீட்டு வாடகை. வீட்டுக்குப் பணம் அனுப்பிவிட்டு மிச்சம் பிடித்து வாங்குகிறவர்களும் உங்களில் இருப்பீர்கள். அதனால் இதை விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

'கேட்பது' என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். வினவுவதும் கேட்பதுதான், செவியால் உணர்வதும் கேட்பதுதான். ஹெட்போன் வாங்கும்போது நாம் முதல் வேலையை நிறையச் செய்கிறோம். இரண்டாவது வேலையைச் செய்வதே இல்லை. நான் சொல்ல வருவதன் சாரம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் விளக்கம்.

முதலில் இரண்டு வரி வரலாறு. ஹெட்போன் தொலைபேசியின் பிள்ளை. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நதானியல் பால்ட்வின் செய்த ஹெட்போன்களை 1910-ல் அந்நாட்டுக் கடற்படை வாங்கியது. அது செய்தி கேட்கத்தான். பாட்டு கேட்பதற்கென்று ஸ்டீரியோ ஹெட்போன் வந்தது 1958-ல், ஜான் காஸ் என்பவர் மில்வாக்கி நகரில் வெளியிட்டார். பின்பக்கம் திறந்த ஹெட்போனை 1968-ல் ஜெர்மனியின் சென்ஹைசர் கம்பெனி எச்டி 414 என்ற பெயரில் கொண்டுவந்தது. 1979-ல் சோனி வாக்மேன் வந்தபிறகு ஹெட்போன் தெருவுக்கே வந்துவிட்டது. உள்ளே இருக்கும் சங்கதி பெரும்பாலும் இன்றும் அதேதான்: ஒரு காந்தம், ஒரு சுருள், ஒரு மெல்லிய சவ்வு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் பொம்மை ஸ்பீக்கரைப் பிரித்துக் காட்டிப் புரியவைக்கலாம்.

சரி, கடைக்குப் போவோம். அட்டைப்பெட்டியில் என்ன போட்டிருக்கிறது? "10 ஹெர்ட்ஸ் முதல் 40,000 ஹெர்ட்ஸ் வரை" என்று பெரிய எழுத்தில் இருக்கும். மனிதக் காது கேட்பதே 20-லிருந்து 20,000 வரைதான், அதுவும் இளம் வயதில். முப்பதைத் தாண்டிய என்னைப் போன்றவர்களுக்கு மேல்வரம்பு ஏற்கெனவே இறங்க ஆரம்பித்துவிட்டது. அது போகட்டும். அந்த எல்லைக்குள் எத்தனை டெசிபெல் ஏற்ற இறக்கம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. "இந்த உத்தரம் பத்து டன் தாங்கும், எவ்வளவு வளையும் என்று மட்டும் கேட்காதீர்கள்" என்று ஒரு சிவில் இன்ஜினியர் சொன்னால் நம் பேராசிரியர் விடுவாரா? டாலரன்ஸ் இல்லாத எண் அளவீடே ஆகாது, அது விளம்பரம்.

அப்படியானால் விலையை வைத்து முடிவு செய்யலாமா? 2017-ல் ஜெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களை அளந்து, விலைக்கும் அதிர்வெண் சமநிலைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்தார். தொடர்பு தெரியவில்லை. கூடுதல் விலைக்குக் கூடுதல் உலோகம், மிருதுவான தோல், அழகான பெட்டி கிடைக்கலாம். பாஸ், மிடில், ட்ரெபிள் மூன்றும் சரியான விகிதத்தில் இருக்கும் என்பதற்கு விலைச்சீட்டு உத்தரவாதம் தராது.

இன்னொரு ஆய்வையும் சொல்ல வேண்டும். ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ், டாட் வெல்டி ஆகியோரின் குழு 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து, எந்தக் கம்பெனி என்றே தெரியாமல் பலரையும் கேட்கவைத்து மதிப்பெண் போடச் சொன்னது. பிராண்டு பெயர் மறைந்ததும், பெரும்பாலானவர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரியான சமநிலையைத்தான் விரும்பினார்கள்: நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் ஒலிப்பதைப் போன்ற ஒரு சமநிலை. ஆகவே "ரசனை ஆளுக்கு ஆள் வேறு" என்பது உண்மைதான் என்றாலும், நாம் நினைக்கும் அளவுக்கு வேறு இல்லை. புதிதாக வாங்குகிறவருக்கு இது தைரியம் தரும் செய்தி. உங்கள் ரசனை என்னவென்று உங்களுக்கே இன்னும் தெரியாத நிலையில், நடுநிலையாக ஒலிக்கும் ஹெட்போனில் தொடங்குங்கள். அதில் ஆறு மாதம் கேட்ட பிறகு, "எனக்குக் கொஞ்சம் பாஸ் வேணும்" என்று தோன்றினால், போனிலேயே ஈக்வலைசர் இருக்கிறது. இரண்டு மூன்று டெசிபெல் ஏற்றிப் பாருங்கள். காசு செலவில்லை.

இனி, தேர்வு செய்யும் முறை. நான் நான்கு கேள்விகளாகப் பிரித்துக்கொள்கிறேன்.

முதல் கேள்வி: எங்கே உட்கார்ந்து கேட்கப் போகிறீர்கள்?

பின்பக்கம் திறந்தது, மூடியது என்று இரண்டு ஜாதி. திறந்ததில் இசை தலைக்கு வெளியே விரிந்து கேட்பது போலிருக்கும், காதும் வேர்க்காது. ஆனால் உங்கள் பாட்டு ரூம்மேட்டுக்கும் கேட்கும். ரூம்மேட்டின் போன் பேச்சு உங்களுக்கும் கேட்கும். வெளிநாட்டு விமர்சகர்கள் எழுதாத ஒரு விஷயம் இங்கே உண்டு, அதுதான் நம் தலைக்கு மேலே சுற்றும் ஃபேன். ஐந்தாம் நம்பரில் ஓடும் ஃபேனுக்குக் கீழே திறந்த ஹெட்போன் போட்டால், பாட்டின் மெல்லிய இடங்களிலெல்லாம் ஃபேன்தான் பக்கவாத்தியம். சரி, மூடியது வாங்கலாம் என்றால் மே மாதத்தில் அரை மணி நேரத்தில் காதோரம் நனைந்துவிடும். ஹாஸ்டல், மேன்ஷன், பகிர்ந்து தங்கும் வீடு என்றால் மூடியது. தனி அறையில் இரவில் அமைதியாகக் கேட்பவர் என்றால் திறந்தது. பஸ்ஸிலும் ரயிலிலும்தான் கேட்பேன் என்றால், இரைச்சலைக் குறைக்கும் வயர்லெஸ் ஹெட்போனே உங்களுக்குப் பொருத்தம், இந்தப் பேச்சே உங்களுக்குத் தேவையில்லை. ஆனால் ஒன்று, அதன் பேட்டரிக்கு ஆயுள் உண்டு என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

இரண்டாவது கேள்வி: உங்கள் தலைக்குப் பொருந்துகிறதா?

இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கடையில் இரண்டு நிமிடம் போட்டுப் பார்த்தால் எல்லாமே சுகம்தான். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் உச்சந்தலை வலிக்கும், காது மடல் உள்ளே இடிக்கும். என்னைப் போல் கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடேயே போட்டுப் பாருங்கள். கண்ணாடிக் காம்பு இயர்பேடைத் தூக்கிச் சின்ன இடைவெளி உண்டாக்கினாலும், மூடிய ஹெட்போனில் பாஸ் கசிந்து போய்விடும். பெரிய ஜிமிக்கி போடும் தங்கைகளுக்கும் இதே கதைதான். பிறகு, இயர்பேட் தனியாகக் கிடைக்குமா, கேபிளைக் கழற்றி மாற்ற முடியுமா என்று பாருங்கள். நம் ஊர் வேர்வைக்கு இயர்பேடின் மேல்தோல் சில வருஷத்தில் உரிந்துவிடும். 1997-ல் வந்த சென்ஹைசர் எச்டி 600-ல் இயர்பேட், கேபிள், தலைப்பட்டைப் பஞ்சு எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழற்றி மாற்றலாம். ஒரு மெயின்டனன்ஸ் இன்ஜினியருக்கு அதைவிட இனிய சங்கீதம் கிடையாது.

மூன்றாவது கேள்வி: உங்கள் போன் அதை இயக்குமா?

இங்கேதான் புதியவர்களைப் பயமுறுத்துகிறார்கள். "300 ஓமா? ஆம்ப் இல்லாம ஒண்ணும் கேட்காது தம்பி" என்பார்கள். நாம் ஓம் விதி படித்தவர்கள். கணக்குப் போட்டே பார்ப்போம். பிடிக்காதவர்கள் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொள்ளலாம்.

ஒரு ஹெட்போன் 300 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 97 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். போனில் செருகும் சின்ன டாங்கிள் ஒரு வோல்ட் தருகிறது. மின்னழுத்தத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுத்தால் 3.3 மில்லிவாட். அது 5 டெசிபெல் கூடுதல். ஆக, உச்சம் 102 டெசிபெல். சினிமாப் பாட்டுக்கு இது தாராளம். கச்சேரிப் பதிவு, மேற்கத்திய சாஸ்திரீய இசை போல மெல்லியதற்கும் பலத்ததற்கும் இருபது டெசிபெல் வித்தியாசம் வைத்துப் பதிவு செய்தவற்றில், மெல்லிய பகுதி கொஞ்சம் அடங்கிக் கேட்கும். அப்போதுதான் ஆம்ப் வேண்டும். அதே 97 டெசிபெல், ஆனால் 32 ஓம் என்றால், அதே ஒரு வோல்ட்டுக்கு 31 மில்லிவாட், உச்சம் 112 டெசிபெல். ஆம்ப்பைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. சில கம்பெனி மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபெல் என்று போடும், சில கம்பெனி வோல்ட்டுக்கு இத்தனை என்று போடும். இரண்டையும் நேரடியாக ஒப்பிட்டால் கணக்கு உதைக்கும். முதலில் ஹெட்போன், பிறகு தேவைப்பட்டால் மட்டும் ஆம்ப், அதுதான் வரிசை. கேபிளுக்குத் தனியாகக் காசு கொட்ட வேண்டாம். மூன்று மீட்டர் செம்புக் கம்பியின் தடை, 300 ஓமுக்கு முன்னால் எறும்பு.

நான்காவது கேள்விதான் முக்கியமானது: எதை, எப்படிக் கேட்டுப் பார்ப்பது?

ஒரு பொருளைச் சற்றே சத்தமாக வைத்தால் அது நல்ல பொருளாகத் தோன்றும். இது காதின் சுபாவம். சத்தம் குறைவாக இருக்கும்போது பாஸும் ட்ரெபிளும் நம் காதுக்கு மங்கிவிடும், சத்தம் கூடினால் அவை எழுந்து வரும். பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் 1933-லேயே இதை அளந்து வெளியிட்டார்கள். அதனால் இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவராமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள். வால்யூம் நம்பர் ஒன்றாக இருந்தால் போதாது, காதுக்கு ஒன்றாகக் கேட்க வேண்டும். பாடகரின் குரலை அளவுகோலாக வைத்துச் சரிசெய்யுங்கள். சில கடைகளில் விலை உயர்ந்ததை மாட்டும்போது விற்பனையாளர் விரல் தானாகவே வால்யூமை இரண்டு படி ஏற்றும். சிரித்துக்கொண்டே இறக்கிவிடுங்கள்.

எந்தப் பாட்டு? கடைக்காரர் போடும் டெமோ பாட்டு வேண்டாம். அது எதிலும் நன்றாகக் கேட்கும். உங்களுக்கு நூறு தடவை கேட்டு மனப்பாடமான பாட்டை எடுத்துப் போங்கள். என் தேர்வுப் பட்டியலைச் சொல்கிறேன்.

ஒன்று, மிருதங்கம். சாதாரணத் தோல் கருவியில் மேல்சுரங்கள் ஒன்றோடொன்று ஒழுங்காகச் சேராது. மிருதங்கத்தின் கரணை அவற்றைச் சுருதி சேர வைக்கிறது. சர் சி. வி. ராமனும் சிவகாளி குமாரும் 1920-ல் 'நேச்சர்' இதழில் எழுதியது இதைத்தான். ஆகவே வலந்தலையில் அடிக்கும்போது சுருதி தெரிய வேண்டும், தொப்பியில் அடிக்கும்போது கும்கி தனியாகத் தெரிய வேண்டும். இரண்டும் சேர்ந்து 'தொம்' என்று மொத்தையாக விழுந்தால், அந்த ஹெட்போனில் பாஸ் அதிகம்.

இரண்டு, தம்பூரா. அதன் ரீங்காரம் அறுபடாமல் ஓட வேண்டும். பாட்டு நடுவிலும் தேடினால் கிடைக்க வேண்டும்.

மூன்று, பெண் குரலில் 'ஸ' வரும் இடங்கள். காதில் ஊசி குத்துவது போலிருந்தால் ட்ரெபிள் அதிகம். கடையில் இது "ஆகா, என்ன தெளிவு!" என்று தோன்றும். வீட்டில் ஒரு மணி நேரம் கேட்டால்தான் தலைவலி தெரியும்.

நான்கு, வயலின்கள் கூட்டமாக வரும் ஒரு இசை. 1986-ல் வந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பை நான் வைத்துக்கொள்கிறேன். வயலின்கள் ஒன்றாக நகரும்போதும் ஒவ்வொரு வரிசையும் பிரிந்து கேட்கிறதா என்று பார்ப்பேன்.

பழைய மோனோ பாட்டுகள் தலையின் நடுவில் ஒரே புள்ளியில்தான் கேட்கும். அதற்காக ஹெட்போனைக் குறை சொல்லக் கூடாது. அதேபோல, பத்து வருஷமாகப் பென் டிரைவில் சேர்த்து வைத்த 128 கேபிபிஎஸ் எம்பி3-களின் ஓட்டை உடைசல்கள் நல்ல ஹெட்போனில் பளிச்சென்று தெரியும். ஆனால் 320-க்கு மேல் போவதற்குப் பதற வேண்டாம். என் தங்கை சிடியையும் 320 கேபிபிஎஸ்ஸையும் மாற்றி மாற்றிப் போட, நான் சுவரைப் பார்த்துக்கொண்டு பத்து முறை பதில் சொன்னேன். ஆறு சரி. "காசு சுண்டிவிட்டாலே அஞ்சு வரும்ணா" என்றாள்.

சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போய்ப் பார்க்கலாம். மற்ற ஊர்க்காரர்கள் நண்பர்களிடம் இரவல் வாங்கிக் கேளுங்கள். புகழ்பெற்ற மாடல்களுக்குப் போலிகளும் உண்டு, ஆகவே அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குங்கள். திருப்பிக் கொடுக்க அவகாசம் எத்தனை நாள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். "நூறு மணி நேரம் ஓடினாத்தான் சவுண்ட் கனியும்" என்று சொல்பவர்களை நம்பிக் காத்திருக்காதீர்கள். கனிவது பெரும்பாலும் நம் காதுப் பழக்கம்தான். அதற்குள் திருப்பித் தரும் தேதி போய்விடும். முதல் வாரத்தில் பிடிக்கவில்லையா, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

"அண்ணா, பேர் சொல்லாம எப்படி?" என்று தம்பிகள் முணுமுணுப்பது கேட்கிறது. கேட்டுப் பார்க்க வேண்டியவை என்று மட்டும் சொல்கிறேன். மூடிய வகையில், 1991 முதல் ஒலிப்பதிவுக் கூடங்களில் புழங்கும் சோனி எம்டிஆர்-7506, 2014-ல் வந்த ஆடியோ-டெக்னிகா எம்50எக்ஸ் (38 ஓம்), பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ. கடைசியில் சொன்னது ஒரே பெயரில் 32, 80, 250 ஓம் என்று பல உருவில் வருகிறது, பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். திறந்த வகையில் சென்ஹைசர் எச்டி 560எஸ் (120 ஓம்), முன்பே சொன்ன எச்டி 600 (300 ஓம்), சுருளைச் சவ்வின் மீதே பரப்பிச் செய்த ஹைஃபைமேன் சுந்தரா. இவற்றில் எது சிறந்தது என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் தலையும் உங்கள் அறையும் என்னிடம் இல்லை.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் உண்மையில் வந்தேன்.

எங்கள் மின் நிலையத்தில் டர்பைன் கூடத்துக்குள் காது மூடி இல்லாமல் போகக் கூடாது. வருஷத்துக்கு ஒருமுறை எங்களுக்குக் காதுப் பரிசோதனை நடக்கும். வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு பள்ளம் விழுந்தால், அது இரைச்சல் தோண்டிய பள்ளம் என்று டாக்டர் சொல்வார். அந்தக் காலத்தில் காது மூடி போடாமலே வேலை பார்த்த ஒரு சீனியர் அண்ணன் எங்களிடம் இருந்தார். ஓய்வு பெறும் சமயத்தில் அவர் என்னிடம் சொன்னார்: "தம்பி, பேத்தி பேசுறா, குரல் கேட்குது, என்ன சொல்றான்னுதான் புரியல." மெய்யெழுத்துகளின் கூர்மையெல்லாம் அந்தப் பள்ளத்துக்குள்தான் இருக்கிறது. உள்காதின் மயிரிழை செல்கள் ஒருமுறை செத்தால் மனிதனுக்கு மறுபடி முளைப்பதில்லை. அதற்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடையாது.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது: 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83-க்கு 20 மணி, 86-க்கு 10 மணி. 90-க்கு வந்தால் வாரத்துக்கே 4 மணி நேரம்தான். மட்டமான இயர்போனில் பஸ் இரைச்சலுக்கு மேலே பாட்டைக் கேட்க நாம் தினமும் அந்த 90-ஐத் தொடுகிறோம். நல்ல ஹெட்போனின் முழுப் பயன் எனக்கு இதில்தான் தெரிகிறது. சமநிலையாக ஒலிக்கும் ஹெட்போனை அமைதியான இடத்தில் போட்டால், குறைந்த சத்தத்திலேயே எல்லாம் கேட்கும். வாங்கிய பிறகு உங்கள் வால்யூம் முன்பைவிட இறங்கியிருந்தால், சரியான ஹெட்போனை வாங்கியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஏறியிருந்தால், எத்தனை ஆயிரம் கொடுத்திருந்தாலும் அது உங்களுக்கான ஹெட்போன் இல்லை.

தம்பி தங்கைகளே, ஹெட்போனுக்கு வாரண்டி இரண்டு வருஷம் இருக்கலாம். காதை வைத்து இன்னும் அறுபது வருஷம் ஓட்டியாக வேண்டும்.

திறந்தது ஒன்று, மூடியது ஒன்று என இரண்டு ஹெட்போன்களையும் ஒரு டாங்கிளையும் பையில் கொண்டுவந்திருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு மெக்கானிக்கல் பிளாக் வராந்தாவில் இருப்பேன். உங்கள் பாட்டோடு வாருங்கள். ஃபேனைப் போட்டும் நிறுத்தியும் கேட்டுப் பார்க்கலாம்.